ஜாக்கொமோ சாமிச்சான்

ஜாக்கொமோ லூயிஜி சாமிச்சான் (ஆகஸ்டு 27, 1857 – ஜனவரி 2, 1922) ஆர்மீனிய மரபில் வந்த இத்தாலிய வேதியியலாளர் ஆவார். கரிமச் சேர்மங்களின் மீது சூரிய ஒளி நிகழ்த்தும் வினைகளை முறையாகவும் தொடர்ச்சியாகவும் ஆராய்ந்த முன்னோடிகளுள் இவர் தலையாயவராகக் கருதப்படுகிறார். நிலக்கரியை நம்பி நிற்கும் தொழில் உலகம் சூரிய ஆற்றலுக்கு மாற இயலும் என்பதை 1912-ஆம் ஆண்டிலேயே கணக்குகளுடன் எடுத்துரைத்தார்.

சாமிச்சான் சூரிய மின்கலம் எதனையும் உருவாக்கியவர் அல்லர். எனினும் இன்றைய கரிமச் சூரிய மின்கலங்களைப் பற்றிப் படிப்போர் இவரது வாழ்க்கையை அறிந்திருப்பது பயனுடையது. இவர் இளமையில் ஆராய்ந்த பைரோல் என்னும் வளைய மூலக்கூறு அக்கலங்களின் முதன்மைப் பொருள்கள் சிலவற்றில் இடம்பெறுகிறது. பிற்காலத்தில் இவர் குடுவைகளுக்குள் கண்ட ஒளிவினைகளோ, அக்கலங்கள் வெயிலில் ஏன் கெடுகின்றன என்பதை விளங்கிக்கொள்ள உதவுகின்றன. இத்தாலிய எழுத்துக்கூட்டலில் இவரது பெயரை ஆங்கில முறையில் படித்துச் 'சியாமீசியன்' என எழுதுவோரும் உண்டு. இத்தாலிய ஒலிப்புக்குச் 'சாமிச்சான்' என்பதே நெருக்கமானது.

பிறப்பும் கல்வியும்

சாமிச்சான் பிறந்த திரியெஸ்தே துறைமுக நகரம் அப்போது ஆத்திரியப் பேரரசின் ஆட்சியில் இருந்தது. இத்தாலியர், செருமானியர், சுலோவேனியர், ஆர்மீனியர், கிரேக்கர் எனப் பல இனத்தவர் வாழ்ந்த வணிக நகரம் அது. உயர்கல்விக்காக வியன்னா சென்ற சாமிச்சான், அங்கு தனிமங்களின் நிறமாலைகளை ஆராய்ந்தார். ஒரே குடும்பத்தைச் சேர்ந்த தனிமங்களின் நிறமாலைக் கோடுகளிடையே ஒப்புமை உண்டா என்பது அப்போது அவர் எழுப்பிய கேள்வி. ஒளிக்கும் பொருளுக்கும் உள்ள உறவில் அவருக்கிருந்த ஈடுபாடு அந்நாளிலேயே தொடங்கிவிட்டது எனலாம். முனைவர் பட்டத்தை 1880-இல் செருமனியின் கீசன் பல்கலைக்கழகத்தில் பெற்றார். யூஸ்டஸ் ஃபொன் லீபிக் தமது புகழ்பெற்ற ஆய்வுக்கூடத்தை நடத்திய பல்கலைக்கழகம் இதுவே.

பட்டம் பெற்றபின் ரோம் நகருக்குச் சென்று, அணு எடைகளைப் பற்றிய குழப்பத்தைத் தீர்த்து வைத்த ஸ்தனிஸ்லாவோ கன்னிசாரோவின் ஆய்வுக்கூடத்தில் உதவியாளராகச் சேர்ந்தார். 1887-இல் பதுவா பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானார். 1889-இல் பொலோஞா பல்கலைக்கழகத்துக்கு மாறினார். இறக்கும் வரை அங்கேயே பணியாற்றினார்.

பைரோல் ஆய்வுகள்

பைரோல் என்பது நான்கு கார்பன் அணுக்களும் ஒரு நைட்ரசன் அணுவும் சேர்ந்து அமைந்த ஐந்து உறுப்பு வளையம். அக்காலத்தில் எலும்புகளைக் காய்ச்சி வடிக்கும்போது கிடைத்த நாற்றமடிக்கும் எண்ணெயிலிருந்தே அது பெறப்பட்டது. அதன் இயல்பு சரிவரத் தெரியாதிருந்த நிலையில், சாமிச்சான் ரோமில் இருந்த ஆண்டுகளில் அதனை விரிவாக ஆராய்ந்தார். 1881-இல் மக்ஸ் டென்ஸ்டெட்டுடன் இணைந்து, குளோரோபாமைப் பயன்படுத்தி இந்த ஐந்து உறுப்பு வளையத்தை ஆறு உறுப்புப் பிரிடின் வளையமாக விரிக்கும் வினையைக் கண்டறிந்தார். இவ்வினை சாமிச்சான்–டென்ஸ்டெட் மறுசீராக்கம் என்று பாடநூல்களில் குறிப்பிடப்படுகிறது. குளோரோபாமிலிருந்து வரும் ஒற்றைக் கார்பன் அணு வளையத்தினுள் புகுந்துகொள்வதே இதன் சிறப்பு.

இதே காலத்தில் பவுல் சில்பர் என்னும் செருமானிய வேதியியலாளர் அவருடன் சேர்ந்தார். இவ்விருவரின் கூட்டுறவு முப்பது ஆண்டுகளுக்கு மேல் நீடித்தது. பைரோலுடன் அயோடினைச் சேர்த்து இவர்கள் உருவாக்கிய அயடால் என்னும் பொருள் புண்களுக்கு இடும் கிருமிநாசினியாகப் பயன்பட்டது. அயடோபாமின் கடும் நெடி இதற்கு இல்லாமையால் மருத்துவர்கள் இதனை விரும்பினர்.

தாவரங்களின் பச்சையத்திலும் குருதியின் சிவப்பு நிறமியிலும் அடிப்படை அலகாக இருப்பது பைரோல் வளையமே. சாமிச்சானின் கவனம் பின்னாளில் தாவரங்களை நோக்கித் திரும்பியதற்கு இதுவும் ஒரு காரணமாக இருந்திருக்கக்கூடும்.

மாடியில் வைத்த குடுவைகள்

1886-இல், ரோமில் இருந்தபோதே, குயினோன் என்னும் மஞ்சள் நிறப் பொருளை ஆல்ககாலில் கரைத்து வெயிலில் வைத்த சாமிச்சான், அது ஐதரோகுயினோனாக ஒடுக்கப்படுவதையும் ஆல்ககால் ஆல்டிகைடாக மாறுவதையும் கண்டார். ஆனால் பைரோல் ஆய்வுகள் கைநிறைய இருந்தமையால் இதனை அவர் அப்போது தொடரவில்லை. பதினான்கு ஆண்டுகள் கழித்து, 1900-இல், பொலோஞாவில் சில்பருடன் சேர்ந்து மீண்டும் தொடங்கினார். அதன்பின் 1914 வரை 'ஒளியின் வேதிச் செயல்கள்' என்ற பொதுத் தலைப்பில் இவர்கள் இத்தாலியத்திலும் செருமானியத்திலும் வெளியிட்ட கட்டுரைத் தொடர் கரிம ஒளிவேதியியலுக்கு அடித்தளமாயிற்று.

செய்முறை மிக எளியது. ஆராயவேண்டிய பொருளைத் தக்க கரைப்பானில் கரைத்து, கண்ணாடிக் குழாய்களிலும் குடுவைகளிலும் அடைத்து, ஆய்வுக்கூடத்தின் மேல்மாடியில் வெயில் படும்படி வைப்பார்கள். வாரக்கணக்கிலும் மாதக்கணக்கிலும், சில வேளைகளில் ஓராண்டுக்கும் அவை அங்கேயே இருக்கும். வரிசை வரிசையாக நிற்கும் குடுவைகளுக்கு நடுவே தாடியுடன் சாமிச்சான் நிற்கும் ஒளிப்படம் ஒன்று வேதியியல் வரலாற்று நூல்களில் அடிக்கடி இடம்பெறுகிறது. மின்விளக்குகளை நம்பியிராமல் வெயிலையே ஆய்வுக் கருவியாகக் கொண்டது சிக்கனத்துக்காக மட்டுமன்று. தாவரம் பெறும் அதே ஒளியில், சாதாரண வெப்பநிலையில் என்ன நடக்கிறது என்பதே அவர் அறிய விரும்பியது.

இங்கு ஒரு நுட்பத்தைக் கவனிக்க வேண்டும். அக்கால வேதியியலாளர் கரிமப் பொருள்களை மாற்றுவதற்குப் பெரும்பாலும் கடுமையான வெப்பத்தையும் வலிமையான அமிலங்களையும் காரங்களையும் கையாண்டனர். தாவரமோ இவை ஏதுமின்றி, இளவெப்பத்தில், ஒளியின் துணையுடன் எண்ணற்ற பொருள்களை ஆக்குகிறது. வெப்பம் மூலக்கூறு முழுவதையும் குலுக்குகிறது. ஒளி அதிலுள்ள எலக்ட்ரான் ஒன்றை மட்டும் மேல் ஆற்றல் நிலைக்குத் தூக்குகிறது என்று இன்று நாம் விளக்குகிறோம். எலக்ட்ரான் கொள்கை முதிராத அந்நாளில் சாமிச்சானுக்கு இவ்விளக்கம் கிடைத்திருக்கவில்லை. ஆனாலும் ஒளியால் நிகழ்வதையும் வெப்பத்தால் நிகழ்வதையும் பிரித்தறிவதில் அவர் கண்ணுங்கருத்துமாக இருந்தார். நிறக் கரைசல்களின் ஊடாக ஒளியை வடிகட்டிச் சோதித்து, இவ்வினைகளை முதன்மையாக நடத்துவது நிறமாலையின் நீல, ஊதாப் பகுதியே என்றும், சிவப்புப் பகுதி அநேகமாகச் செயலற்றது என்றும் காட்டினார்.

இவர்கள் கண்டறிந்த வினைகளுள் சில இன்றும் பாடநூல்களில் முதல் எடுத்துக்காட்டுகளாக நிற்கின்றன. பென்சோபீனோனை ஆல்ககாலில் வெயிலில் வைத்தால், அது ஆல்ககாலிலிருந்து ஐதரசனைப் பறித்து, இரண்டிரண்டாகச் சேர்ந்து பென்சோபினகோல் படிகங்களாகப் படிகிறது (1900). ஆர்த்தோ-நைட்ரோபென்சால்டிகைடு, வேறு எப்பொருளும் சேராமலேயே, தன்னுள் அணுக்களை இடம் மாற்றிக்கொண்டு ஆர்த்தோ-நைட்ரசோபென்சாயிக் அமிலமாகிறது (1901). மூலக்கூறின் ஒரு பகுதியைத் தற்காலிகமாக மூடிவைத்து, வேண்டியபோது ஒளியால் திறந்துவிடும் இக்கால உத்தி இவ்வினை வகையைச் சார்ந்தது. இரட்டைப் பிணைப்பு கொண்ட பொருள்கள் ஒளியில் வடிவம் மாறுவதையும், ஒன்றோடொன்று ஒட்டி இரட்டை மூலக்கூறுகளாவதையும் இவர்கள் விரிவாகப் பதிவு செய்தனர்.

சதகுப்பை, கேரவே முதலிய விதைகளின் எண்ணெய்க்கு மணம் தரும் கார்வோன் பற்றிய ஆய்வு தனியாகச் சொல்லத்தக்கது. ஓராண்டு இத்தாலிய வெயிலில் கிடந்த கார்வோன், கற்பூரத்தை நினைவூட்டும் புதியதொரு பொருளாக மாறியிருந்தது. மூலக்கூறின் இரு இரட்டைப் பிணைப்புகள் உள்ளுக்குள்ளேயே இணைந்து நான்கு உறுப்பு வளையம் உண்டாகியிருக்க வேண்டும் என்று 1908-இல் இவர்கள் முடிவு செய்தனர். இக்கால நிறமாலைமானிகள் ஏதுமற்ற காலத்தில், வேதிச் சோதனைகளைக் கொண்டு சொன்ன இம்முடிவு சரியானதே என்பதை 1957-இல் ஜார்ஜ் பூக்கியும் கோல்ட்மனும் உறுதிப்படுத்தினர்.

எல்லா வினைகளும் ஆக்கும் வினைகளாக இருக்கவில்லை. அசிட்டோன் போன்ற கீட்டோன்கள் நீருடன் வெயிலில் இருந்தபோது உடைந்து சிறு துண்டுகளாயின. ஆக்சிசனுடன் அடைத்து வைத்த பல பொருள்கள் மெல்ல மெல்ல ஆக்சிசனேற்றம் அடைந்தன. நீர், காற்று, ஒளி ஆகிய மூன்றும் கூடினால் கரிமப் பொருள் நிலைத்திராது என்பதற்கு இக்குடுவைகளை விடத் தெளிவான சான்று அன்று இல்லை. இதே காலத்தில் எமானுவேலே பதேர்னோ என்னும் மற்றொரு இத்தாலிய வேதியியலாளரும் இத்துறையில் ஈடுபட்டிருந்தார். 1909-இல் அவர் கண்டறிந்த வினை பதேர்னோ–பூக்கி வினை என்று வழங்குகிறது.

நியூயார்க் உரை

1910-இல் சாமிச்சான் இத்தாலிய முடியரசின் செனட் அவை உறுப்பினராக நியமிக்கப்பட்டார். 1912 செப்டம்பர் 11 அன்று நியூயார்க்கில், எட்டாவது பன்னாட்டுப் பயன்முறை வேதியியல் பேராயத்தில், 'எதிர்கால ஒளிவேதியியல்' என்ற தலைப்பில் அவர் உரையாற்றினார். அம்மாதமே 'சயன்ஸ்' இதழில் அது அச்சாயிற்று.

நிலக்கரி என்பது பல்லாயிரம் நூற்றாண்டுகளுக்கு முன் தாவரங்கள் சேமித்து வைத்த சூரிய ஆற்றல். முன்னோர் சேர்த்த முதலை அள்ளி அள்ளிச் செலவழிக்கும் நாகரிகம், ஆண்டுதோறும் வரும் வருமானத்தைத் திரும்பியும் பார்ப்பதில்லை என்பதே உரையின் அடிப்படை வாதம். அப்போது ஐரோப்பாவும் அமெரிக்காவும் ஆண்டுக்குச் சுமார் 110 கோடி டன் நிலக்கரி எடுத்துவந்தன. 60 இலட்சம் சதுர கிலோமீட்டர் பரப்புள்ள சகாரா பாலைவனம் ஒரே நாளில் பெறும் சூரிய ஆற்றல் 600 கோடி டன் நிலக்கரிக்குச் சமம் என்று அவர் கணக்கிட்டுக் காட்டினார். அதாவது சதுர கிலோமீட்டருக்கு நாளொன்றுக்கு 1,000 டன். இது சற்று மிகையே எனினும், இக்கால அளவீடுகளிலிருந்து வெகு தொலைவில் இல்லை.

இந்த ஆற்றலைப் பிடிக்கப் பல வழிகளை அவர் முன்வைத்தார். எரிபொருளுக்காகவும் மருந்துப் பொருள்களுக்காகவும் தாவரங்களை வளர்ப்பது ஒன்று. தக்க வினையூக்கிகளைக் கொண்டு, கார்பன் டை ஆக்சைடையும் நீரையும் ஒளியின் துணையால் எரிபொருளாக்குவது மற்றொன்று. ஒளிவினைகளை அடிப்படையாகக் கொண்ட மின்கலங்களால் வெயிலை நேரடியாக மின்சாரமாக்க இயலும் என்பதையும் குறிப்பிட்டார். விளைநிலங்களுக்குப் போட்டியாக வராமல், வறண்ட நிலங்களில் கண்ணாடிக் குழாய்களாலான புகையற்ற ஆலைகள் எழும் என்றும், நிலக்கரி வளமற்ற தென்னாடுகள் அதனால் செழிக்கும் என்றும் எதிர்பார்த்தார். நடுவே ஒரு நகைச்சுவையும் இருந்தது: ஒளியில் நிறம் மாறும் சாயங்களைத் துணிக்கு ஏற்றினால், பெண்களின் ஆடை வெளிச்சத்துக்கு ஏற்பத் தானே நிறம் மாற்றிக்கொள்ளும், நாகரிக உடைக்கு அதற்குமேல் என்ன வேண்டும் என்று அவையோரைச் சிரிக்க வைக்க முயன்றிருக்கிறார்.

இந்த உரையை நிறைவேறிய தீர்க்கதரிசனமாக மட்டும் கொண்டாடுவது சரியாகாது. அவர் எதிர்பார்த்த தென்னாட்டுச் செழிப்பு அவர் சொன்ன வழியில் வரவில்லை. நிலக்கரியைத் தொடர்ந்து பெட்ரோலியம் மலிவாகக் கிடைத்தமையால் அறுபது ஆண்டுகள் இவ்வுரை பெரும்பாலும் மறக்கப்பட்டுக் கிடந்தது. 1973-ஆம் ஆண்டின் எண்ணெய் நெருக்கடிக்குப் பின் சூரிய ஆற்றல் ஆய்வுகள் பெருகியபோதுதான் ஒளிவேதியியலாளர்கள் இதனை மீண்டும் எடுத்துப் படிக்கத் தொடங்கினர்.

இறுதி ஆண்டுகள்

முதல் உலகப் போர் மூண்டதும் செருமானியரான சில்பருடனான ஒத்துழைப்பு முறிந்தது. ஒளியாய்வுத் தொடரும் அத்துடன் நின்றது. அதன்பின் சிரோ ராவென்னாவுடன் சேர்ந்து, தாவரங்களினுள் சில கரிமப் பொருள்களைச் செலுத்தி, அவற்றைத் தாவரம் எவ்வாறு மாற்றுகிறது என ஆராய்ந்தார். ஆஞ்செலோ ஆஞ்செலி, ஜூசெப்பே பிளாஞ்சர் ஆகியோர் இவரது மாணவர்களுள் புகழ்பெற்றவர்கள். வேதியியல் நோபல் பரிசுக்குப் பலமுறை பரிந்துரைக்கப்பட்டும் இவருக்கு அது கிட்டவில்லை. பிறந்த ஊரான திரியெஸ்தே போருக்குப் பின் இத்தாலியுடன் இணைந்ததைக் கண்டபின், 1922 ஜனவரி 2 அன்று பொலோஞாவில் காலமானார்.

கரிமச் சூரிய மின்கலங்களும் சாமிச்சானின் வேதியியலும்

சாமிச்சான் மாடியில் குடுவைகளை அடுக்கிக்கொண்டிருந்த 1906-இல், அதே இத்தாலியில், அல்ஃபிரெடோ போக்கெத்தினோ ஆந்திரசீன் என்னும் கரிமப் படிகத்தின் மீது ஒளி பட்டால் அதன் மின்கடத்துதிறன் கூடுவதைக் கண்டார். ஆயினும் ஒளிபட்ட கரிமப் பொருளிலிருந்து பயன்படத்தக்க மின்சாரம் பெற நெடுங்காலம் பிடித்தது. 1986-இல் சிங் டாங் இரு கரிமப் படலங்களை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துச் செய்த கலத்தின் திறன் சுமார் 1 விழுக்காடு. அவற்றுள் ஒரு படலம் செம்புத் தாலோசயனின் என்னும் நீல நிறமி. அதன் வளையம், பைரோலும் பென்சீனும் ஒட்டிய நான்கு அலகுகளால் ஆனது.

சிலிக்கானில் ஒளி பட்டதும் எலக்ட்ரான் எளிதாக விடுபடுகிறது. கரிமப் பொருளிலோ, கிளர்ந்த எலக்ட்ரானும் அது விட்டுச் சென்ற வெற்றிடமும் ஒன்றையொன்று பற்றிக்கொண்டு இணையாகவே நகர்கின்றன. ஏறத்தாழ 10 நானோமீட்டர் செல்வதற்குள் பிரிக்கப்படாவிட்டால் இணை அழிந்துபோகும். எனவே எலக்ட்ரானைக் கொடுக்கும் பொருளையும் ஏற்கும் பொருளையும் மிக நுண்ணிய அளவில் பின்னிப் பிணைத்த கலவையாக ஆக்கவேண்டியுள்ளது. 1990-களில் பலபடிகளையும் புல்லரீன்களையும் இவ்வாறு கலந்ததில் திறன் உயரத் தொடங்கியது. 2019-இல் சீனாவின் சாங்சா நகரிலுள்ள மத்திய தென் பல்கலைக்கழகத்தில் யிங்பிங் சோவின் குழுவினர் உருவாக்கிய ஒய்6 என்னும் ஏற்பி மூலக்கூறு திறனை 15.7 விழுக்காட்டுக்குக் கொண்டு சென்றது. அதன் வழிவந்த பொருள்களால் சிறு பரப்புள்ள ஆய்வகக் கலங்களின் திறன் பின்னர் சுமார் 20 விழுக்காட்டை எட்டியது. ஒய்6-இன் நடுப்பகுதியில் வளையங்கள் பல ஒட்டிக் கிடக்கின்றன. அவற்றுள் பைரோல் வளையங்களும் உள்ளன. எலும்பெண்ணெயிலிருந்து எடுத்த ஒரு பொருள் இப்படியோர் இடத்துக்கு வருமென 1881-இல் எவரும் எண்ணியிருக்க முடியாது.

திறன் கூடியபின் எஞ்சியிருக்கும் பெரிய இடர்ப்பாடு நிலைப்புத்தன்மை. இது இரு முகம் உடையது. முதலாவது வெப்பம். கூரைமேல் வெயிலில் கிடக்கும் தகடு 60 அல்லது 70 பாகை செல்சியசுக்குச் சூடேறுவது இயல்பு. சோதனைகள் பெரும்பாலும் 85 பாகையில் நடத்தப்படுகின்றன. சூடேறியதும் கலவையிலுள்ள சிறு மூலக்கூறுகள் நகரத் தொடங்கி, தம்மினத்தோடு கூடிப் பெருந்திரள்களாகின்றன. பின்னல் குலைந்ததும் இணைகள் பிரியும் எல்லைப்பரப்பு குறைகிறது, மின்னோட்டம் வீழ்கிறது. இங்கு எந்த மூலக்கூறும் உடையவில்லை, அவற்றின் இருக்கை மட்டுமே மாறியிருக்கிறது. இதனைத் தடுக்கச் சிறு மூலக்கூறுகளைச் சங்கிலியாகக் கோத்துப் பலபடியாக்குதல், குறுக்குப் பிணைப்புகளால் கட்டுதல், எளிதில் இளகாத பருத்த மூலக்கூறுகளை வடிவமைத்தல், மூன்றாவது பொருள் ஒன்றைச் சேர்த்தல் ஆகிய வழிகள் கையாளப்படுகின்றன. அளவுக்கு மீறி இறுக்கினால் எலக்ட்ரான் செல்லும் பாதை கெட்டுத் திறன் குறைகிறது என்பதே இதில் உள்ள சங்கடம்.

இரண்டாவது முகம் ஒளி. இங்கு நேர்வது சாமிச்சானின் குடுவைகளில் நிகழ்ந்ததற்கு உறவான வேதியியலே. ஒய்6 வகை மூலக்கூறுகளில் நடுப்பகுதியையும் முனைப்பகுதிகளையும் கார்பன்–கார்பன் இரட்டைப் பிணைப்பு இணைக்கிறது. புறஊதா ஒளி படும்போது முதலில் பழுதுபடும் இடங்களுள் இதுவும் ஒன்று. பல கலங்களில் எலக்ட்ரானைக் கடத்துவதற்காக இடப்படும் துத்தநாக ஆக்சைடுப் படலம், அதே புறஊதா ஒளியில் வினையூக்கியாக மாறி இப்பிணைப்பைச் சிதைக்கிறது. 1912-இல் சாமிச்சான் வேண்டிநின்ற ஒளி வினையூக்கி, இங்கு வேண்டாத இடத்தில் வந்து நிற்கிறது. வெள்ளீய ஆக்சைடை மாற்றாக இடுவதும், புறஊதாக் கதிரை வடிகட்டும் மேலுறை போர்த்துவதும், நீரும் ஆக்சிசனும் புகாதபடி கண்ணாடிக்குள் அடைப்பதும் இதற்குத் தீர்வுகள். எந்த நிறக் கதிர் வினையை நடத்துகிறது என்று நிறக் கரைசல்களைக் கொண்டு அவர் சோதித்த முறையே, நுட்பமான வடிகட்டிகளுடன் இன்று இக்கலங்களைச் சோதிக்கவும் பயன்படுகிறது. மின்கலம் செய்வோருக்கும் அவருக்கும் உள்ள வேறுபாடு நோக்கத்தில்தான்: அவர் ஒளி மூலக்கூறை மாற்றவேண்டும் என்று மாதக்கணக்கில் காத்திருந்தார், இவர்கள் அது மாறாமலேயே எலக்ட்ரானை மட்டும் தரவேண்டும் என்று பல்லாண்டுகள் காத்திருக்க வேண்டியுள்ளது.

நினைவு

பொலோஞா பல்கலைக்கழகத்தின் வேதியியல் துறை இவரது பெயரைத் தாங்கியுள்ளது. வின்சென்சோ பல்சானி முதலிய ஒளிவேதியியலாளர்கள் அத்துறையில் பணியாற்றியவர்கள். 1912 உரையின் நூற்றாண்டையொட்டி, ஒளிவேதியியல் இதழ்களில் இவரைப் பற்றிய கட்டுரைகள் வெளிவந்தன.